ரீமிக்ஸைத் தமிழ்க் காது கேட்ட விதம்

தமிழ்த் திரைப்பாடல்களில் ரீமிக்ஸின் கணக்கை 2003-இல் வெளிவந்த 'குறும்பு' படத்திலிருந்து தொடங்குவது வழக்கம். 'அடுத்த வாரிசு' (1983) படத்தில் இளையராஜா இசையில் மலேசியா வாசுதேவன் பாடிய 'ஆசை நூறுவகை' பாடலை, இளையராஜாவின் மகன் யுவன் சங்கர் ராஜா புதிய தாளக்கட்டோடு அந்தப் படத்தில் சேர்த்தார். அடுத்த ஏழெட்டு ஆண்டுகளுக்குப் பெரிய நாயகர் படங்கள் பலவற்றில் பழைய பாடல் ஒன்றைப் புதுப்பித்துச் சேர்ப்பது வழக்கமாயிற்று. அந்தப் பாடல்களைப் பற்றிக் கேட்பவர்கள் சொன்னவை பெரும்பாலும் ஒலியைப் பற்றியவை: பீட் அதிகம், வார்த்தை காதில் விழவில்லை, குரல் அந்தக் குரல் இல்லை. ஆனால் எந்தப் பாடல் ஏற்கப்பட்டது, எது விரட்டப்பட்டது என்று வரிசையாகப் பார்த்தால் ஒலி இரண்டாவது காரணமாகவே நிற்கிறது. பாட்டு யாருடையது, அதில் கைவைப்பவருக்கு அதோடு என்ன உறவு என்பதே முதலில் கேட்கப்பட்டிருக்கிறது.

மேற்கத்திய ராக், பாப் இசையில் ரீமிக்ஸ் என்பது ஒரு தொழில்நுட்பத்தின் பிள்ளை. பலதட ஒலிநாடாவில் குரல், கிட்டார், பேஸ், டிரம்ஸ் ஆகியவை தனித்தனித் தடங்களில் பதிவாகியிருக்கும். ஒன்றை உயர்த்தி, ஒன்றை அடக்கி, வேண்டாததை நீக்கி, நடனக் கூடத்துக்கு ஏற்ப நீட்டித் தந்தால் அது ரீமிக்ஸ். ஜமைக்காவில் கிங் டப்பி போன்ற ஒலிப்பொறியாளர்களும், 1970-களின் நியூயார்க் டிஸ்கோக் கூடங்களுக்காக டாம் மோல்டனும் இந்த வேலையை ஒரு கலையாக்கினார்கள். பிறகு ஒரு சிங்கிள் வெளிவந்தால் அதன் 12 அங்குல இசைத்தட்டில் நீண்ட நடன வடிவமும் உடன் வருவது சந்தையின் நியதியாயிற்று. எல்விஸ் பிரெஸ்லி 1968-இல் வெளியிட்ட 'எ லிட்டில் லெஸ் கான்வர்சேஷன்' அமெரிக்கப் பட்டியலில் 69-ஆம் இடத்தைத் தாண்டவில்லை. 2002-இல் நெதர்லாந்தைச் சேர்ந்த ஜங்கி எக்ஸ்எல் அதை ரீமிக்ஸ் செய்தபோது பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. எல்விஸின் சொத்துகளை நிர்வகிப்பவர்கள் முறைப்படி அனுமதி தந்திருந்தார்கள். மூலம் அவ்வளவாகப் பெயர் பெறாத பாட்டு என்பதால் ரசிகர்களுக்குப் பறிபோனதாக எதுவும் இல்லை.

தமிழ்நாட்டு நிலைமை வேறு. 1950, 60-களின் திரைப்பாடல்கள் ஒற்றைத் தடத்தில் பதிவானவை. பாடகரும் முழு வாத்தியக் குழுவும் ஒரே கூடத்தில் நின்று ஒரே மூச்சில் பாடி வாசித்து முடிப்பார்கள். யாராவது ஓரிடத்தில் தவறினால் அனைவரும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அந்தப் பதிவிலிருந்து டி.எம். சௌந்தரராஜனின் குரலை மட்டும் பிரித்தெடுக்க 2003-இல் நடைமுறைக்கு உகந்த வழி எதுவும் இல்லை. ஆகவே தமிழில் ரீமிக்ஸ் என்று விற்கப்பட்டவற்றில் பெரும்பாலானவை உண்மையில் மறுபதிவுகள்: புதுப் பாடகர், புது வாத்தியம், பழைய மெட்டு. சிலவற்றில் மெட்டும் பழையதல்ல. இந்தத் தொழில்நுட்ப வேறுபாடு சிறியதாகத் தோன்றினாலும் கேட்பவரின் எதிர்வினையைத் தீர்மானித்தது இதுதான். எல்விஸின் ரீமிக்ஸில் எல்விஸ் பாடுகிறார். தமிழ் ரீமிக்ஸில் டி.எம்.எஸ். இருக்க வேண்டிய இடத்தில் வேறொருவர் நிற்கிறார்.

டி.எம்.எஸ். குரலுக்குத் தமிழ்க் காதில் இருந்த இடம் எத்தகையது என்பதை மெல்லிசைக் கச்சேரி மேடைகளில் காணலாம். சேலையூர், மாடம்பாக்கம், தாம்பரம் போன்ற சென்னையின் தென்புறநகர்ப் பகுதிகளில் ஆடி மாதக் கூழ் வார்க்கும் திருவிழாவுக்கும் கோயில் உற்சவத்துக்கும் லைட் மியூசிக் குழுவை அழைப்பது நெடுநாள் வழக்கம். மேடைப் பாடகருக்கு அங்கே கிடைக்கும் மிகப்பெரிய பாராட்டு, 'அப்படியே டி.எம்.எஸ்.' என்பது. கீபோர்டுக்காரரும் இடையிசையில் ஒரு சங்கதி விடாமல் இசைத்தட்டில் உள்ளபடி வாசித்தாக வேண்டும். மாற்றினால் முன்வரிசையில் இருப்பவர் கண்டுபிடித்துவிடுவார். கர்நாடக சங்கீதக் கச்சேரியில் ஒரே கீர்த்தனையை ஒவ்வொரு பாடகரும் தன் போக்கில் விரிப்பதைக் கேட்டு ரசிக்கும் அதே சமூகம், திரைப்பாடலுக்கு வந்ததும் இசைத்தட்டையே பாடலாகக் கொள்கிறது. அதே தாம்பரத்தில், 1937 முதல் இயங்கிவரும் சென்னைக் கிறித்தவக் கல்லூரி வளாகத்தின் 'டீப்வுட்ஸ்' போன்ற கல்லூரி விழாக்களில் நேர்மாறான மரபு வளர்ந்தது. ராக் குழுக்கள் பிறருடைய பாடலை எடுத்துத் தங்கள் சாயலில் மாற்றிப் பாடுவதுதான் அங்கே திறமை. சாலைக்கு இந்தப் பக்கம் மாற்றக் கூடாது. அந்தப் பக்கம் மாற்றாமல் பாடினால் மதிப்பெண் இல்லை. ரீமிக்ஸ் அலை இந்த இரண்டு காதுகளையும் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தது. 2000-களின் தொடக்கத்தில் வந்த தனியார் பண்பலை வானொலிகள் மூலத்தையும் ரீமிக்ஸையும் ஒரே நாளில் ஒலிபரப்பியதால் ஒப்பிட்டுப் பேசாமல் இருக்க யாராலும் முடியவில்லை.

அந்தக் காலத்துப் பாடல்களைத் தனித்தனியே பார்க்க வேண்டும். 'குறும்பு' பாடலுக்குப் பெரிய எதிர்ப்பு எழவில்லை. தகப்பன் சொத்தைப் பிள்ளை எடுத்து அனுபவிப்பதாகவே அது பார்க்கப்பட்டது. 'மைதிலி என்னைக் காதலி' (1986) படத்துக்காக டி. ராஜேந்தர் உருவாக்கிய 'என் ஆசை மைதிலியே' பாடல் 2004-இல் 'மன்மதன்' படத்தில் யுவனின் கையில் புது வடிவம் பெற்றது. படத்தின் நாயகன் சிலம்பரசன், ராஜேந்தரின் மகன். அங்கும் அதே சலுகை. 2007-இல் 'பில்லா' மறுவுருவாக்கம் வந்தபோது 'மை நேம் இஸ் பில்லா'வும் 'வெத்தலையப் போட்டேண்டி'யும் கூடவே வந்தன. படமே மறுபடி எடுக்கப்படும்போது பாட்டு மறுபடி வருவது இயல்புதான் என்று ரசிகர்கள் எடுத்துக்கொண்டார்கள். மலேசியா வாசுதேவன் பாடியதைச் சங்கர் மகாதேவன் பாடியபோது 'அவர் அளவுக்கு இல்லை' என்ற முணுமுணுப்பு எழுந்தது. ஆனால் 'ஏன் தொட்டாய்' என்ற கேள்வி எழவில்லை.

ஏ.ஆர். ரகுமானுக்கு அந்தச் சலுகை முழுதாகக் கிடைக்கவில்லை. 'படகோட்டி' (1964) படத்தில் விஸ்வநாதன்–ராமமூர்த்தி இசையில் டி.எம்.எஸ்., பி. சுசீலா பாடிய 'தொட்டால் பூ மலரும்' பாடலை 2004-இல் 'நியூ' படத்துக்காக அவர் எடுத்தார். வாலியின் சொற்களை வைத்துக்கொண்டு மெட்டைப் பெரும்பாலும் புதிதாகவே போட்டார். இசையமைப்பாளரின் பார்வையில் இது நேர்மையான வழி. பழைய மெட்டின்மேல் டிரம்ஸ் மட்டும் ஏற்றிவிட்டுத் தன் பெயரைப் போட்டுக்கொள்வதைவிட அதிக உழைப்பும் கேட்பது. மூத்த ரசிகர்களுக்கோ இதுதான் பெரிய குறையாகப் பட்டது. எம்.ஜி.ஆர்., சரோஜாதேவி முகங்களோடு மனத்தில் பதிந்த சொற்கள் வேறு மெட்டில் வந்தபோது, பாட்டு மாறியது என்பதைவிடப் பாட்டு காணாமல் போனது என்றே அவர்கள் உணர்ந்தார்கள். பழைய பாட்டைக் கேட்டிராத இளைஞர்களுக்கு அது ஹரிஹரனும் ஹரிணியும் பாடிய ஒரு நல்ல புதுப்பாட்டு, அவ்வளவுதான். 2007-இல் 'அழகிய தமிழ் மகன்' படத்துக்காக, 'சொர்க்கம்' (1970) படத்தின் 'பொன்மகள் வந்தாள்' பாடலை ரகுமான் எடுத்தபோது மெட்டை விட்டுவைத்து வேகத்தையும் வாத்தியங்களையும் மாற்றினார். இடையில் ராப் சேர்ந்தது. இது முன்னதைவிட எளிதாக ஏற்கப்பட்டது. மெட்டு நிலைத்தது ஒரு காரணம். எம்.எஸ். விஸ்வநாதனின் மூலமே மேற்கத்திய வாத்தியங்களின் துள்ளலோடு அமைந்த பாட்டு என்பது இன்னொரு காரணம்.

இந்த இரண்டாவது காரணம் தனியாகக் கவனிக்கத்தக்கது. தமிழ்த் திரையில் ராக் குழுவின் பாட்டு என்று சொல்லத் தகுந்த ஒன்று உண்டென்றால், கே. பாலசந்தரின் 'நினைத்தாலே இனிக்கும்' (1979) படத்தில் வரும் 'எங்கேயும் எப்போதும்' அதற்கு முதல் உரிமை கோரும். கமல்ஹாசனும் ரஜினிகாந்தும் உறுப்பினர்களாக இருக்கும் ஓர் இசைக்குழு சிங்கப்பூர் போய்க் கச்சேரி செய்வதே கதை. கண்ணதாசன் எழுத, எம்.எஸ்.வி. இசையமைக்க, எஸ்.பி. பாலசுப்ரமணியம் பாடினார். கிட்டார், டிரம்ஸ், பித்தளைக் குழல்கள், கைதட்டும் அரங்கம் என மேடைக்காகவே பிறந்த பாட்டு அது. 2007-இல் வெற்றிமாறனின் 'பொல்லாதவன்' படத்தில் அது மீண்டும் வந்தபோது மலேசியத் தமிழ் ராப் கலைஞர் யோகி பி அதில் சேர்ந்தார். எழுபதுகளின் மேடையில் நின்ற பாட்டு இன்றைய மேடைக்கு இடம் மாறியதாகவே கேட்பவர்களுக்குப் பட்டது. படகோட்டியின் காதல் பாட்டை இரவு விடுதிக்குக் கொண்டுபோவதில் இருந்த உறுத்தல் இங்கே எழவில்லை. ரீமிக்ஸ் அலையில் மூத்தவர், இளையவர் இரு தரப்பும் அதிகம் சண்டையிடாமல் ஏற்றவை பெரும்பாலும் இப்படிப்பட்ட மேடைப் பாட்டுகளும் விடுதிப் பாட்டுகளுமே.

யோகி பி-யின் வருகைக்கு ஒரு முன்கதை உண்டு. 2006-இல் யோகி பி, டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் மூவரும் 'யோகி பி அண்ட் நட்சத்திரா' என்ற பெயரில் மலேசியாவில் வெளியிட்ட 'வல்லவன்' தொகுப்பில் 'மடை திறந்து' இருந்தது. 'நிழல்கள்' (1980) படத்தில் இளையராஜா இசையில் எஸ்.பி.பி. பாடிய பாட்டின் பல்லவியைப் பிடித்துக்கொண்டு, சரணங்கள் இருக்க வேண்டிய இடங்களில் தமிழ் ராப்பை வைத்தார்கள். தமிழ்நாட்டில் பல இளைஞர்கள் தமிழ் ராப்பை முதன்முதலாகக் கேட்டது இந்தப் பாட்டில்தான். விந்தை என்னவென்றால், இளையராஜா பாடலைத் தொட்டால் சினக்கும் ரசிகர்களில் பலர் இதை மன்னித்துவிட்டார்கள். இதை எடுத்தது தமிழ்நாட்டுப் படக் கம்பெனி அல்ல, கடல் கடந்து வாழும் தமிழ்ப் பிள்ளைகள். அவர்கள் பாட்டை விற்பனைச் சரக்காக இல்லாமல் வணக்கமாக எடுத்தார்கள் என்ற எண்ணம் அதற்குக் காரணம். எம்சி ஜெஸ்தான் அடுத்த ஆண்டு ரகுமானின் 'பொன்மகள் வந்தாள்' வடிவத்தில் ராப் பாடியவர். கோலாலம்பூரில் ஏற்கப்பட்ட ஒலி கோடம்பாக்கத்துக்கு வந்து சேர ஓராண்டுதான் ஆயிற்று.

2010-க்குப் பின் அலை ஓய்ந்தது. தமிழில் எதிர்ப்பு பெரும்பாலும் தேநீர்க் கடையோடும் வீட்டோடும் நின்றுவிட்டது. இந்தியில் அது வெளிப்படையான சண்டையாக முற்றியது. 2018-இல் லதா மங்கேஷ்கர் பழைய பாடல்களைச் சிதைப்பதைப் பகிரங்கமாகக் கண்டித்தார். 2020 ஏப்ரலில் ரகுமானின் 'மசக்கலி' பாடலை வேறொருவர் புதுப்பித்தபோது, குறுக்குவழி இல்லாமல் பல இரவுகள் விழித்து இருநூறுக்கு மேற்பட்ட கலைஞர்களைக் கொண்டு உருவான மூலத்தைக் கேளுங்கள் என்ற பொருளில் ரகுமான் எழுதினார். 'தொட்டால் பூ மலரும்' நினைவிருந்த தமிழ் ரசிகர்கள் சிலர் புன்னகைத்திருப்பார்கள். இரண்டும் ஒன்றல்ல என்பது உண்மை. ஒன்றில் மெட்டே புதிது, மற்றதில் அவருடைய மெட்டு கையாளப்பட்டது. ஆனால் எடுத்தவர் தரப்பிலும் இழந்தவர் தரப்பிலும் நின்று பார்த்த இசையமைப்பாளர் அவர் என்பதும் உண்மை.

பழமைப் பாசம் என்ற ஒன்றே இடம்பெறாத ஒரு வழக்கு 2021-இல் வந்தது. அதனால்தான் கேட்பவர் மனத்தை அறிய அது எல்லாவற்றையும்விடப் பயன்படுகிறது. அந்த ஆண்டு மார்ச் 7-ஆம் தேதி 'எஞ்சாயி எஞ்சாமி' வெளிவந்தது. பாடகி தீயும் ராப் கலைஞர் அறிவும் பாடியது. சந்தோஷ் நாராயணன் தயாரித்தது. கனடாத் தமிழர்கள் தொடங்கி ரகுமான் ஆதரித்த 'மாஜா' தளத்தின் வழியே வந்தது. திரைப்படம் எதையும் சாராத தனிப்பாடல் இவ்வளவு தூரம் பரவியது தமிழில் அரிது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்துத் திரும்பி, நிலமற்றவர்களாக நின்றவர்களின் வரலாறு அதில் இருந்தது. அறிவின் பாட்டி வள்ளியம்மாள் அதன் உயிர். ஒப்பாரியின் இழைவும் ராப்பின் வெட்டும் சேர்ந்த அந்தப் பாட்டை, பொருள் புரியாமல் ஆடியவர்களும் பொருள் உணர்ந்து கண் கலங்கியவர்களும் ஒரே அளவில் கொண்டாடினார்கள்.

சில மாதங்களில் பிரெஞ்சு டிஜே ஸ்னேக் அதை ரீமிக்ஸ் செய்தார். இது மேற்கத்தியப் பொருளில் முழுமையான ரீமிக்ஸ்: தனித்தடங்கள் கையில் இருந்தன, உரிமையாளரின் இசைவு இருந்தது, மூலமும் புத்தம் புதிது. ஒலியைப் பற்றிய கருத்துகள் எதிர்பார்த்தபடியே பிரிந்தன. உலக நடன அரங்குகளுக்குத் தமிழ் போகிறது என்று மகிழ்ந்தவர்கள் ஒருபுறம். மண்ணின் துயரத்தை உதறிவிட்டு ஆட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டது என்றவர்கள் மறுபுறம். இந்த விவாதம் நீடிக்கவில்லை. நியூயார்க் டைம்ஸ் சதுக்கத்தின் விளம்பரப் பலகையில் டிஜே ஸ்னேக்கும் தீயும் இருந்தார்கள், அறிவு இல்லை. 2021 ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' இதழ் தன் அட்டையில் தீயையும் ராப் கலைஞர் ஷான் வின்சென்ட் டி பாலையும் வெளியிட்டது. 'எஞ்சாயி எஞ்சாமி', 'நீயே ஒளி' ஆகிய பாடல்கள் இரண்டிலும் எழுத்துப் பங்கு உள்ள அறிவு அதிலும் இல்லை. அறிவு மீண்டும் மறைக்கப்பட்டிருக்கிறார் என்று இயக்குநர் பா. ரஞ்சித் வெளிப்படையாக எழுதினார். அதன் பிறகு அந்த இதழ் அறிவைத் தனியே இணைய அட்டையில் வெளியிட்டது. விடுபட்டவர் தலித் கலைஞர் என்பதும், பாட்டே உழைத்தவரிடமிருந்து பறிக்கப்பட்டதைப் பற்றியது என்பதும் கேட்பவர்களின் கோபத்தைக் கூர்மையாக்கின. பீட் எப்படி இருக்கிறது என்ற பேச்சு அதோடு அடங்கிவிட்டது.

2022 ஜூலை 28-ஆம் தேதி சென்னை நேரு உள்விளையாட்டரங்கில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா நடந்தது. அதில் தீயும் கிடாக்குழி மாரியம்மாளும் இந்தப் பாட்டைப் பாடினார்கள். அறிவு மேடையில் இல்லை. சில நாட்களில், பாட்டை எழுதியதும் மெட்டமைத்ததும் தானே, தனக்கு யாரும் மெட்டுத் தரவில்லை என்று அறிவு அறிவித்தார். சந்தோஷ் நாராயணன், இசையமைப்பும் தயாரிப்பும் தன்னுடையவை, மூவரும் சேர்ந்து உருவாக்கியது, உரிமையும் வருவாயும் சமமாகப் பிரிக்கப்பட்டவை என்று விளக்கினார். அறிவுக்குரிய பெருமையைத் தான் ஒருபோதும் குறைத்துப் பேசியதில்லை என்றார் தீ. கேட்பவர்கள் மூன்று அறிக்கைகளையும் வரிக்கு வரி அலசினார்கள். மெட்டு எது, வரி எது, தயாரிப்பு எது என்று இசைத்துறைக்கு உள்ளே மட்டும் பேசப்பட்டுவந்த பிரிவினைகளைப் பொதுமக்கள் விவாதித்தது இந்த வழக்கின் எதிர்பாராத விளைவு. 2024 மார்ச்சில், அந்தப் பாட்டிலிருந்து தங்களுக்கு ஒரு காசும் வந்து சேரவில்லை என்று சந்தோஷ் நாராயணன் காணொளியில் குற்றம்சாட்டியபோது, எதிரெதிர் அணிகளில் நின்ற ரசிகர்கள் ஒரே பக்கம் வந்தார்கள்.

சட்டம் இந்த உணர்வுகளோடு பாதி வழிதான் வருகிறது. பழைய திரைப்பாடல்களின் ஒலிப்பதிவு உரிமை பெரும்பாலும் இசைத்தட்டு நிறுவனங்களிடம் இருந்ததால், 2003–2010 காலத்தில் தயாரிப்பாளர் அந்த நிறுவனத்துக்குப் பணம் கட்டினால் போதும். மெட்டுப் போட்டவரைக் கேட்கும் கட்டாயம் நடைமுறையில் இல்லை. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் செய்த திருத்தம் நிலைமையை ஓரளவு மாற்றியது. 31சி பிரிவின்படி, முதல் பதிவு செய்யப்பட்ட ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டுகள் ஆகாமல் சட்டபூர்வ உரிமத்தில் மறுபதிவு செய்ய முடியாது; தொழில்நுட்பத் தேவைக்கு மேல் பாடலை மாற்றவும் கூடாது. பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் ராயல்டியில் விட்டுக்கொடுக்க முடியாத பங்கும் கிடைத்தது. 57-ஆம் பிரிவு, படைப்பைச் சிதைப்பதை எதிர்க்கும் தார்மீக உரிமையைப் படைத்தவருக்கு ஏற்கெனவே தந்திருக்கிறது. பாடலைக் கேட்டு வளர்ந்தவருக்கு இதில் எந்த இடமும் இல்லை, இருக்கவும் முடியாது.

அந்த இடத்தைக் கேட்பவர்கள் வேறு வழியில் பிடித்தார்கள். 2022-இல் லோகேஷ் கனகராஜின் 'விக்ரம்' படத்தின் ஒரு சண்டைக் காட்சியில், ஆதித்யன் இசையமைத்த 'அசுரன்' (1995) படத்தின் 'சக்கு சக்கு வத்திக்குச்சி' பழைய பதிவாகவே ஒலித்தது. மறந்துபோன பாட்டு அந்த வாரமே ஊரெங்கும் ஒலித்தது. அடுத்த ஆண்டு 'லியோ' வழியே தேவாவின் 'கரு கரு கருப்பாயி'க்கும், 2024-இல் மலையாளப் படமான 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' வழியே 'குணா' (1991) படத்தின் 'கண்மணி அன்போடு'க்கும் அதுவே நேர்ந்தது. பீட் சேர்க்காமல், குரலை மாற்றாமல், இசைத்தட்டில் உள்ளபடியே பழைய பாட்டைப் புதிய காட்சியில் வைப்பது ரீமிக்ஸுக்கு மாற்றாக வந்தது. கோயில் திருவிழாவின் முன்வரிசைக்காரர் கேட்டுக்கொண்டிருந்ததும் இதைத்தான். இங்கும் 'யாரைக் கேட்டு' என்ற கேள்வி ஓயவில்லை. 'கண்மணி' பாடலுக்காக இளையராஜா 2024 மே மாதம் வழக்கறிஞர் அறிவிப்பு அனுப்பினார். உரிய நிறுவனங்களிடம் உரிமம் வாங்கியிருப்பதாகத் தயாரிப்பாளர் தரப்பு சொன்னது. படத்தைக் கொண்டாடிய ரசிகர்கள் இதில் இரண்டாகப் பிரிந்தார்கள்.

குரலைப் பிரித்தெடுக்க முடியாது என்ற பழைய தடையும் இப்போது நீங்கிவிட்டது. ஒற்றைத் தடப் பதிவிலிருந்தும் செயற்கை நுண்ணறிவு மென்பொருள்கள் குரலைத் தனியே எடுக்கின்றன. இறந்தவரின் குரலில் அவர் பாடாத பாட்டையும் பாட வைக்கின்றன. 2024-இல் 'லால் சலாம்' படத்தின் 'திமிரி எழுடா' பாடலில் 1997-இல் மறைந்த சாகுல் ஹமீதின் குரலையும் 2022-இல் மறைந்த பம்பா பாக்யாவின் குரலையும் ரகுமான் இப்படிப் பயன்படுத்தினார். நெகிழ்ந்தவர்களும் முகம் சுளித்தவர்களும் இருந்தார்கள். இரு தரப்பாரும் முதலில் கேட்டது, குடும்பத்தாரிடம் சொன்னார்களா என்பதை. அனுமதி பெற்று உரிய தொகையும் கொடுக்கப்பட்டது என்று ரகுமான் அறிவித்திருந்தார்.